இரண்டாவது அமுக்கு

கோட்டைச்சாமி பட்டனை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது. "கன்ட்ரோல்..." என்றான். விளக்கு மங்கியது. வாக்கிடாக்கி அணைந்துவிட்டது.

திருகி மறுபடி போட்டான். இரைச்சல் வந்தது. கேட்பதற்கு பேட்டரி போதும். பேசத்தான் போதாது.

தவறு அவனுடையது. காலையும் மாலையும் பெயர் கூப்பிடும்போது மட்டும் செட்டைப் போட வேண்டும். மற்ற நேரம் அணைத்து வைக்க வேண்டும். தீ பார்க்கும் கோபுரத்தில் துணைக்கு இருந்த அழகர் காய்ச்சலோடு கம்பம் ஊருக்கு இறங்கிய பிறகு அவன் அணைக்கவே இல்லை. மாற்று பேட்டரியும் சார்ஜ் ஏற்ற அழகரோடு போயிருந்தது. மற்ற கோபுரத்துக்காரர்கள் என்ன குழம்பு வைத்தார்கள் என்று பேசிக்கொள்வதைப் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். கீழே எல்லோரிடமும் செல்போன் வந்துவிட்டது. இங்கே அது எடுக்காது.

நேற்று மாலை அவன் பெயர் வந்தபோது பதில் போகவில்லை. இன்று காலையும் போகவில்லை.

கன்ட்ரோலில் ஜெபஷீலா பேசினாள். "அழகர் அண்ணே, எங்கன இருக்கீக?"

"ஊத்தத் தாண்டிட்டோம் தாயி. ஏலே கோட்டை, கேக்குதா? செத்துட்டியா, தூங்குறியா? செட்ட ராப்பகலா போட்டு வச்சிருப்பான். பேட்டரி படுத்திருக்கும்."

"பேட்டரின்னா சரிண்ணே. விழுந்து கெடந்தாகன்னா?"

"அதுக்குத்தான வர்றோம். காய்ச்சல் விட்டுருச்சு, கருவாடு வேற சுமந்துட்டு வர்றேன். இனி நானும் அங்கன அவங்கூடத்தான் கெடக்கணும்."

கோட்டைச்சாமி சிரித்தான். பிறகு கீழே பார்த்தான்.

கோபுரத்துக்கும் மொட்டைப்பாறைக்கும் நடுவே பாதை மூங்கிலுக்குள் போகிறது. காலையிலிருந்து யானைகள் அங்கே நின்றன. குட்டியும் இருந்தது. பாறையில் ஏறி வருகிறவர்களுக்கு மூங்கில் மட்டும்தான் தெரியும்.

கத்தினால் யானைகள் அவர்கள் பக்கம் இறங்கும். புகை போட்டால் தீ என்று நினைத்து இன்னும் வேகமாக வருவார்கள்.

யானை அருகில் நிற்கும்போது வனத்துறை வாட்சர்கள் செட்டில் பேசுவதில்லை. பட்டனை மட்டும் அமுக்கி விடுவார்கள். மறுமுனையில் டப் என்று கேட்கும். ஒரு முறை என்றால் வா. இரண்டு முறை என்றால் வராதே, திரும்பு.

ஒன்று போய் இரண்டாவது போகாவிட்டால், அவனே அவர்களை உள்ளே கூப்பிட்டதாகிவிடும்.

செட்டை அணைத்தான். பேட்டரியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சூடும் ஓய்வும் கிடைத்தால் கொஞ்சம் தேறும். இப்போது அழகரின் குரலும் இல்லை. மேட்டு ரோட்டில் கேரளா எஸ்டேட் ஜீப் ஒன்று ஊர்ந்து ஏறியது. சத்தம் இங்கே வரவில்லை.

மொட்டைப்பாறையின் அடியில் சிவப்புத் துண்டு தெரிந்தது. அழகருடையது. பின்னால் இன்னும் இரண்டு தலைகள்.

பேட்டரியை மாட்டினான். செட்டைப் போட்டான். அழகர் மூச்சு வாங்கிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அது முடியும்வரை காத்திருந்தான்.

அமுக்கினான். விளக்கு எரிந்தது. விட்டான்.

மறுபடி அமுக்கினான். விளக்கு மினுங்கியது. செட் அணைந்தது.

திருகிப் பார்த்தான். இரைச்சலும் இல்லை.

சிவப்புத் துண்டு பாறையில் ஏறியது. மூங்கிலை நோக்கிக் கொஞ்சம் நடந்தது. நின்றது. அழகர் செட்டைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தான். கோட்டைச்சாமி இரண்டு கைகளையும் தூக்கினான். கோபுரக் கூரையின் நிழலில் அது தெரிந்திருக்காது.

துண்டு திரும்பியது. பாறையை விட்டு இறங்கியது. மரங்களுக்குள் மறைந்தது.

வெயில் சாயும்போது யானைகள் கிளம்பின. பெரியது முன்னால் போனது. குட்டி நடுவில் போனது. ஓடைப் பக்கமாக இறங்கிப் போய்விட்டன. மூங்கில் அசையவில்லை. பாதை காலியாகக் கிடந்தது.

கோட்டைச்சாமி பேட்டரியை மறுபடி கக்கத்தில் வைத்திருந்து மாட்டினான். பட்டனை ஒரு முறை அமுக்கினான்.

விளக்கு எரியவில்லை.