மூன்றாவது மாத்திரை அட்டை

"இது யாரோட மாத்திரை?"

பஸ்ஸுக்குச் சில்லறை தேடி மனைவியின் கைப்பையைக் கவிழ்த்தவன் கையில் அந்த அட்டை சிக்கியிருந்தது. அவள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னோடதுதான். தூக்கம் வரல, கை நடுங்குது. எங்க டாக்டர்தான் எழுதிக் குடுத்தார்."

"எங்க டாக்டர்னா? பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டரா?"

அவள் மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டு நர்ஸ். அந்த வேலையை மனதார நேசித்தாள். மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒருத்தி திடீரென்று "சீப்பு இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது. ஆனால் போன மாதம் ஒரு நோயாளி பின்னாலிருந்து இவள் கழுத்தை நெரித்துவிட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்! விலக்கிவிட இன்னொரு நர்ஸ் இல்லை. வார்டு முழுவதற்கும் இவள் ஒருத்திதான். மறுநாளே வேலைக்குப் போனாள். தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் அந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

"என் பொண்ணுக்கு சம்பந்தம் பேசிட்டிருக்கோம்," என்றாள் மாமியார். "நீ அங்க வேலை பாக்குறதையே ஏதோ ஆஸ்பத்திரின்னு சொல்லி மழுப்பிட்டிருக்கேன். இப்ப மாத்திரை வேறயா? எங்க மானத்தை வாங்காம விடமாட்ட போல."

அவள் கொண்டுவரும் சம்பளத்துக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று மட்டும் அங்கே யாரும் சொன்னதில்லை. கணவன் அட்டையைக் குப்பைத் தொட்டியில் எறிந்து, மேலே காய்கறித் தோலையும் கொட்டினான்.

அன்று வார்டுக்கு நோயாளிகளின் வீட்டார் வரும் நாள். "இது வெக்கப்படற விஷயமே இல்லீங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க, மறைக்காதீங்க" என்று வழக்கம்போலச் சொல்லத் தொடங்கியவள், பாதியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் தன் அறைக்கு அழைத்து விசாரித்தாள். அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

மேட்ரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"வீட்ல மாட்டிக்கிட்டியா? சாமர்த்தியம் இல்லையே உனக்கு. நான் எத்தனை வருஷமா சாப்பிடுறேன், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியுமா? சத்து மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சுக்கோ. உனக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி."

"அப்ப வெளிய நாம சொல்றதெல்லாம்?"

"அது நோயாளிங்களுக்கு," என்றாள் மேட்ரன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்ரன் நீட்டிய காலி டப்பாவை அவள் வாங்கவில்லை. டாக்டரிடம் போய்ப் புது அட்டைக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டில் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் கணவனின் சர்க்கரை மாத்திரையும் எப்போதும் எல்லார் கண்ணிலும் படும்படி கிடக்கும். வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் தன் பிரஷரைப் பரிசு வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வாள். அன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், அவள் அதே தட்டில் தன் அட்டையையும் வைத்தாள். ஒன்றைப் பிரித்து, அவர்கள் கண்ணெதிரே விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து பாத்தா?" கணவன் பல்லைக் கடித்தான்.

"பாக்கட்டும். கேட்டா நானே சொல்றேன்."

காலையில் எறிந்தவனுக்கும் இப்போது அந்த அட்டையைத் தொடக் கை வரவில்லை. சிறிது நேரம் கழித்து மாமியார் மெல்லக் கை நீட்டி, தன் மாத்திரையை மட்டும் அந்தத் தட்டிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டாள்.