விதை வைக்காத புல்

ஆம்பன் புயல் கடந்த மறுநாள், கொல்கத்தா அலிப்பூரில் தான் வேலைபார்த்த தனியார் புல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நீலாவதி முழங்கால் தண்ணீரில் நடந்தே போனாள். கால்பந்து மைதானங்களுக்காக அவள் ஆறு வருஷம் உழைத்து உருவாக்கிய புல் அங்கேதான் இருந்தது. கொல்கத்தாவின் மழையையும் ஆட்டக்காரர்களின் பூட்ஸையும் தாங்கும் கலப்பினம். விதை வைக்காது, கொடியை வெட்டி நட்டால்தான் உண்டு. அடுத்த மாதம் புது ரகமாக வெளியிட அனுமதியும் கிடைத்திருந்தது.

பாத்தி சாக்கடை நீரில் மூழ்கி நாறியது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்த கன்றுகளுக்குக் குளிர் வேண்டும். கரண்ட் வரவேயில்லை. நாலாம் நாள் குப்பிகளெல்லாம் பூசணம் பூத்துவிட்டன.

"தீதி, ஹவுரா மைதானம் இருக்கே," என்றாள், அவளை அக்கா முறையில் அப்படி அழைக்கும் உதவி ஆய்வாளர் ஷபானா. போன வருஷம் அங்கே ஒரு கிளப் மைதானத்தின் மூலையில் சோதனைக்காக நட்டிருந்தார்கள். இனி உலகத்தில் மிச்சம் அது ஒன்றுதான்.

ஷபானாவின் ஸ்கூட்டியில் பாலம் தாண்டினார்கள். வெட்டிய புல் வாடாமலிருக்க ஒரு கேன் குடிதண்ணீரும் கோணிப்பையும் நீலாவதியின் மடியில் இருந்தன.

மைதானம் முழுக்க வீடிழந்தவர்களின் கூடாரங்கள். அவளுடைய மூலையிலும் ஒரு நீலத் தார்ப்பாய்.

உள்ளேயிருந்த பெண் கேனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "தண்ணி கொடுக்க வந்தீங்களா?"

நீலாவதி தார்ப்பாயின் அடியைக் காட்டினாள். "புல்லு... இங்க ஒரு புல்லு நட்டிருந்தோம்."

"எதைக் கேக்கிறீங்க?"

"கூடாரத்தைப் பிரிக்கச் சொல்ல வந்திருக்காங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, ஆட்கள் கூடிவிட்டார்கள். நீலாவதி சேற்றில் மண்டியிட்டாள். "பிரிக்க வேண்டாம்மா. நீங்க விரிச்ச பாய்க்கு அடியில ஒரு சாண் வெட்டிக்கிறேன். உங்களைக் கும்பிடறேன்."

அந்தப் பெண் தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாயை விலக்கினாள். புல் வெயில் காணாமல் வேகவைத்த சேமியாபோல வெளுத்துக் கிடந்தது. நீலாவதி கத்தியால் மண்ணோடு பெயர்த்தாள். குழந்தை விழித்து, உதட்டை நக்கியபடி கேனையே பார்த்தது. அவள் கேனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். கோணியைப் பக்கத்துக் குட்டை நீரில் நனைத்தாள்.

"தீதி, அது டீசல் மிதக்கிற தண்ணி!"

"தெரியுது ஷபானா. வேற என்ன பண்ண?"

பாலிகஞ்சில் அவள் ஃபிளாட் பால்கனியில் தொட்டிகளில் நட்டார்கள். ஒவ்வொன்றாகக் கருகியது. ஒரு தொட்டி மட்டும் பச்சை விட்டது. நீலாவதி அதன்பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டாள். சில வாரங்களில் அது பூவெடுத்து, உருண்டு திரண்ட விதையும் பிடித்தது.

விதை பிடித்தால் அது அவளுடைய புல் இல்லை. மைதானத்தில் முன்பே கிடந்த சாதாரண அருகம்புல். அவள் நட்ட மூலையில் மிச்சமிருந்ததும் அதற்குள் சேற்றில் மிதிபட்டு அழுகிப்போயிருந்தது.

"அப்பா செடியும் அம்மா செடியும் எங்கேயும் கிடைக்கும் தீதி. மறுபடி சேர்த்தா..." என்று ஷபானா தொடங்கினாள்.

"அதே அப்பா அம்மாதான். போன பிள்ளையே திரும்பி வந்து பிறக்குமா?"

பால்கனித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் முகத்தைக்கூடக் கழுவாமல், ரக வெளியீட்டுக் குழுவின் செயலருக்குப் போன் செய்தாள்.

"சார், என் புல்லுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து பண்ணிடுங்க. வெளியிடறதுக்கு என்கிட்ட ரகம் இல்லை."