ஐந்து அட்டைக்கு ஒரு கை

அண்ணி போனில் சொன்னது கேட்பதற்கு நல்ல சேதிதான்.

"உங்க அண்ணனுக்குப் பிரஷர் குணமாயிடுச்சாம். டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாராம். இனிமே சாப்பாட்டுல உப்பைக் குறைக்க வேணாம்ல?"

சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிற அவள் அதை நம்பவில்லை. பிரஷர் என்ன சளியா, பத்து நாள் இருந்துவிட்டுப் போவதற்கு?

"தலைவலி எதுவும் சொல்றாரா அண்ணி?"

"அது எப்பவும் உள்ளதுதானே. இன்னைக்குக்கூடத் தலையில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போனாரு. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு."

போனை வைத்த கையோடு சுகாதார நிலையத்தின் அட்டை பீரோவைத் திறந்தாள். அண்ணன் சிமெண்ட் குடோனில் மூட்டை இறக்குகிறவர். ஐந்து பேர் கொண்ட செட். அந்த ஐந்து பேருடைய அட்டைகளும் ஒரே ரப்பர் பேண்டுக்குள் கிடந்தன. அண்ணன் அட்டையைப் பிரித்தாள். மூன்று மாதமாக 122/78, 120/76, 122/78. அந்தப் பிரஷருக்கு ஆளை ஓட்டப்பந்தயத்துக்கே அனுப்பலாம். ஓரத்தில் எடை எழுதியிருந்தது: 51 கிலோ.

ஐம்பத்தொன்றா! எண்பது கிலோவுக்குக் குறையாத ஆள் அவர்.

அடுத்த அட்டை, 51 கிலோ. அதற்கடுத்தது, 51. மீதி இரண்டிலும் 51. எல்லாமே மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவள் தெருத்தெருவாகக் குழந்தைகளுக்கு ஊசி போடப் போய்விடுவாள். புதிதாக வந்த பயிற்சிப் பெண்தான் பிரஷர் பார்ப்பாள். அவளுக்கு எந்த முகமும் தெரியாது. டாக்டருக்குத் தெரியும், ஆனால் ஒரு மணிக்குள் நூறு பேரைப் பார்த்து முடிக்கிறவர் அட்டையைப் பார்ப்பாரா, முகத்தைப் பார்ப்பாரா?

அட்டைகளை அப்படியே கொண்டுபோய் டாக்டர் மேசையில் போட்டாள். அவர் மாத ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு நகலை ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அருமையா இருக்கே சிஸ்டர். அஞ்சும் கன்ட்ரோல்."

"எடையைப் பாருங்க சார்."

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"அஞ்சு பேரும் ஒரே வயித்துல ஒண்ணா பொறந்திருந்தாக்கூட இப்படி வராது சார். ஒரே ஆளு வந்திருக்கான். அவன் பிரஷரைப் பார்த்துட்டு நீங்க என் அண்ணன் மாத்திரையை நிறுத்திட்டீங்க."

"ரிப்போர்ட் அனுப்பியாச்சே சிஸ்டர். மேல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"ஒரு கையை அஞ்சு தடவை அளந்தோம்னு சொல்லுங்க."

பிரஷர் மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குடோன் வாசலில் லாரி நின்றது. லாரிக்கும் தரைக்கும் இடையில் சாய்த்துப் போட்ட பலகையில் மூட்டையும் ஆளுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் தூசியில் ஐந்து பேரும் ஒரே நிறம். அண்ணனைத் தலைத்துண்டை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். இன்னொருவனைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. குச்சி என்று கூப்பிடுவார்கள். மூட்டைக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியாது.

"டேய் குச்சி, இங்க வா. உன் எடை என்ன?"

"அம்பத்தொண்ணு. ஏன்க்கா?"

"எத்தனை பேருக்குப் பதிலாடா போற?"

குச்சி தலையைச் சொறிந்தான். "எங்க செட்டுல ஒருத்தன் போனா அஞ்சு பேரும் போன மாதிரிதான்க்கா. எட்டு மணிக்கு லாரி வந்துடும், நீங்க ஒன்பது மணிக்குத்தான் கதவைத் திறக்கறீங்க. எல்லாரும் வந்து உக்காந்தா லாரி வேற செட்டுக்குப் போயிடும். நான் காலையிலயே அஞ்சு டோக்கன் வாங்கிடுவேன். ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு சட்டை மாத்திக்குவேன். அதுல தப்பு வந்ததே இல்ல."

சட்டை மாற்றியதைப் பெருமையாகச் சொன்னான். அவளுக்கு அழுவதா, அறைவதா என்று தெரியவில்லை.

"இவங்களுக்குப் பல்லு வலிச்சா உன் பல்லைக் குடுப்பியா?"

"கேட்டா குடுத்துடுவான்" என்றான் பலகை மேலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

"நீ சிரிக்காத. வந்து உக்காரு."

"லோடு பாதியில நிக்குது பாப்பா. இன்னும் அறுபது மூட்டை. இறக்கிட்டு வர்றேன்."

அவள் போய்ப் பலகையின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இனி மூட்டை இறங்க வேண்டுமென்றால் அவள் தலைமேல்தான் இறங்க வேண்டும். குடோன் சூப்பர்வைசர் உள்ளேயிருந்து கத்திக்கொண்டு வந்தார். "யாரும்மா நீ? எந்திரி!"

"என் தங்கச்சி" என்று அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார். மானம் போனவர் மாதிரி அருகில் வந்து கையை நீட்டினார்.

214/120.

"மிஷின் கோளாறா இருக்கும். இன்னொரு தடவை அடி."

218/122.

குச்சியின் கையை இழுத்து அதே பட்டியைச் சுற்றினாள். 122/78.

"மிஷின் சரியா இருக்கு. இவன் பிரஷர் எனக்கு மனப்பாடம்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் லாரியைத் திரும்பிப் பார்த்தார். "அறுபதுதான்..."

"அப்பாவும் இறக்கிட்டு வர்றேன்னுதான் சொன்னாரு. அப்புறம் ஏழு வருஷம் வாய் கோணிப் படுத்தே கிடந்தாரு. எச்சியைத் துடைச்சது யாரு? நீயா? நீ மூட்டை தூக்கப் போயிட்ட. நான் துடைச்சேன். உனக்கும் நானே துடைக்கணுமா? என்னால முடியாது. சொல்லிட்டேன்."

அண்ணன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தானை மாட்டப் போனார். இடது கை விரல்கள் பொத்தானைத் தேடின, பிடித்தன, நழுவவிட்டன. மறுபடி பிடித்தன, நழுவவிட்டன. அவளும் பார்த்தாள், செட்டும் பார்த்தது. குச்சி கிட்டே வந்து பொத்தான்களை வரிசையாக மாட்டிவிட்டான்.

அண்ணனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். டாக்டர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

நான்கு நாள் பெரிய ஆஸ்பத்திரி. மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். நடக்கிறார், பேசுகிறார். இடது கை மட்டும் டம்ளரை நம்பிப் பிடிப்பதில்லை. ஆறு மாதத்துக்கு மூட்டை தொடக் கூடாது, அதற்குப் பிறகும் சந்தேகம்தான்.

ஒன்பது மணிக்குப் பதில் ஆறரைக்குத் திறந்தால் என்ன என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். உத்தரவு மேலிருந்து வர வேண்டும் என்றார். மேலே இருப்பவர்களுக்கு ரிப்போர்ட் போயிருந்தது. அதில் எல்லோரும் நலம். நலமாக இருப்பவர்களுக்கு எதற்கு ஆறரை மணி?

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, தெருவுக்குக் கிளம்பாமல் வாசலிலேயே நின்றாள். எட்டே முக்காலுக்குக் குச்சி வந்தான். தோளில் மூன்று சட்டை, கையில் நான்கு டோக்கன்.

"டேய்!"

"உங்க அண்ணனே வந்துட்டாருக்கா. அதான் ஒண்ணு குறைச்சிட்டேன்" என்றான்.

அண்ணன் வெளி வராந்தா பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏழு மணியிலேர்ந்து உக்காந்திருக்கேன். இப்படி உக்கார வச்சா எவன் வருவான்?"

இருந்த இரண்டு பிரஷர் மிஷினில் ஒன்றைப் பையில் போட்டாள். ஊசிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டு அண்ணனைக் காட்டினாள். "அவர் முகத்தை நல்லாப் பார்த்து வச்சுக்கோ. எடை பார்க்காம அனுப்பாத." பிறகு குச்சியின் தோளிலிருந்த சட்டைகளை உருவி அவன் கையிலேயே திணித்தாள்.

"நட குடோனுக்கு. இன்னைக்குக் கை எல்லாம் எங்க இருக்கோ அங்க வந்து பார்த்துத் தொலைக்கிறேன்."