ரிவர்ஸ் ஸ்டைன்வோர்

ஸ்டைன்வோர் பனியில் மண்டியிட்டு முன்சக்கரத்தின் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள். காற்று போகப் போக, என் இடுப்பு உயரத்துக்கு இருந்த அந்த டயர் பக்கவாட்டில் தொப்பை போட்டது. நான் ஜீப்புக்குள் ஹீட்டரை ஒட்டி, மடியில் அக்கார்டியன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். இறங்கி உதவலாம் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியதோடு சரி.

"எவ்வளவு வச்சிருக்கே?" என்று ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கிக் கேட்டேன்.

"மூணு பவுண்டு. அதுக்கு மேல இருந்தா பனியில புதைஞ்சிடும். கீழ போனா ரிம்மிலேருந்து டயர் கழண்டுக்கும். ஹௌவர் மூணுலதான் வைப்பான்."

ஹௌவர் அவள் கணவன். அவன் இறந்து இது இரண்டாவது குளிர்காலம். ஜீப் அவனுடையது. அவன் இருந்தவரை காற்று இறக்குவது அவன் வேலை என்பதால் போன வருடம் வரை அவள் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

நடுக்குளிர்காலத்துத் தொர்ரி மாத விருந்துக்கு, கிழக்கே அவர்களுடைய பள்ளத்தாக்கில் இருபது வருடமாக நான்தான் வாசிக்கிறேன். நான் இருப்பது மேற்கே, மீவாத்ன் ஏரிக்கரையில். நடுவில் எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் மேட்டுநிலம். குளிர்காலத்தில் நான் வண்டி ஓட்டுவதில்லை. யாராவது வந்து கூட்டிப் போக வேண்டும். போன வருடம் வந்தவள் ஸ்டைன்வோர். பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டாள். விருந்தில் ஆட்டுத்தலை இருந்தது, சுறா இருந்தது, நடனம் இல்லை. நடனம் இல்லாத விருந்தை அந்த ஊர் மன்னிப்பதாக இல்லை. அன்றிலிருந்து அவள் பெயர் ரிவர்ஸ் ஸ்டைன்வோர்.

விருந்தன்று, அந்த வருடம் ஊரில் யார் யார் அசடு வழிந்தார்கள் என்று நாடகம் போடுவார்கள். யாரும் தப்ப முடியாது, யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது. இந்த வருடம் அவள்தான் என்று எனக்குத் தகவல் வந்திருந்தது. விழாக் குழுவில் இருக்கும் குன்ஸ்டைன் பாவாடை கட்டிக்கொண்டு, கையில் ஸ்டியரிங்கோடு, மேடை முழுக்கப் பின்னாலேயே போவானாம். அது தெரிந்தும், என்னைக் கூட்டி வரும் வேலையை இவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. போன வருடம் திரும்பச் சொன்னது நான். சும்மா சொல்லவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் சொல்லாததும் நான் சொல்லாததும் ஒன்றல்ல என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவள் ஏறி உட்கார்ந்து கையுறையை உதறினாள். "ஆஸ்பியோர்ன், ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு இந்த மேட்டத் தாண்ட முடியலேன்னா, பண்ணைய வித்துட்டு ரெய்க்யவிக்ல மக வீட்டுக்குப் போயிடுவேன். ரூம் தயாரா வச்சிருக்கா. குளிர்காலத்துல இதத் தாண்டத் தெரியாதவ பண்ணையில தனியா இருக்க முடியாது."

"உனக்கென்ன, போயிடலாமே. அங்க எல்லா வசதியும் இருக்கு."

"என் ஆடு இல்ல," என்றாள்.

முந்தின நாள் காற்றில்லாதபோது அவள் இந்தப் பக்கம் வந்த பிறகு பாதையை மூடிவிட்டு, அன்று நண்பகலில்தான் மறுபடி திறந்திருந்தார்கள். ஒன்றரை மணிக்கெல்லாம் காற்று கிளம்பிவிட்டது. வானம் தெளிவாகத்தான் இருந்தது; பனி தரையோடு ஓடியது. முதலில் சாலை மறைந்தது, பிறகு கறுப்புப் பாறைகள், கடைசியில் சாலையோரத்து மஞ்சள் கம்பங்கள். அவள் வண்டியை நிறுத்தினாள். போன வருடம் நிறுத்திய அதே இடம்.

"ம், சொல்லு," என்றாள்.

"என்னத்த?"

"போன வருஷம் சொன்னத."

அறுபத்திமூன்று வயதில் வெட்கத்தால் காது சுடும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கதவைத் திறந்தேன். குளிர் மூக்கைப் பிடித்தது.

"எங்க போறே?"

"அடுத்த கம்பத்துக்கு. நான் முன்னால நடக்கறேன், நீ என்னைப் பாத்து ஓட்டு."

"வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வெள்ளைப் பனியில நின்னா உன் மேலயே ஏத்திடுவேன். அந்தச் சிவப்புப் பெட்டிய முதுகுல மாட்டிக்கோ."

"அக்கார்டியன் குளிர் தாங்காது."

"அத என் கம்பளியில சுத்தி பின்சீட்டுல வை. பெட்டி மட்டும் போதும். நனைஞ்சா நாசமாப் போறது எதுன்னு எனக்கும் தெரியும்."

அப்படித்தான் நாற்பத்தொரு கம்பங்களைக் கடந்தோம். ஒரு கம்பத்தைத் தொடுவேன், அடுத்தது தெரியும்வரை நிற்பேன், நடப்பேன். காலிப் பெட்டியைக் காற்று பிடித்துத் தள்ள, இரண்டு முறை குப்புற விழுந்தேன். பின்னால் எஞ்சின் சத்தம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தொன்றாவது கம்பத்தில் அது நின்றுவிட்டது.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஜீப் ஒரு பனிமேட்டில் வயிறு பதிந்து கிடந்தது. ஸ்டைன்வோர் ஏற்கெனவே சக்கரத்தருகே மண்டியிட்டிருந்தாள்.

"ரெண்டுக்குக் கொண்டு வர்றேன்," என்றாள்.

"டயர் கழண்டுக்கும்னு நீதானே சொன்னே. ஹௌவர் மூணுக்குக் கீழ போனதே இல்லையே."

"ஹௌவர் இங்க இல்ல."

இந்த முறை நானும் மண்டியிட்டேன். நான்கு சக்கரத்திலும் அளவுமானி இரண்டைக் காட்டியது. டயர்கள் பனிமேல் பரந்து படுத்துக்கொண்டன. அவள் ஏறி, முதல் கியரைப் போட்டு, அவசரப்படாமல் மிதித்தாள். ஜீப் ஒரு விரல்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண். பிறகு மொத்தமாக எழுந்து பனிமேட்டின் மேல் ஏறிவிட்டது. உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்கவில்லை. நானும் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கத்தியதில்லை.

சரிவில் இறங்கும்போது காற்று அடங்கியிருந்தது. தூரத்தில் ஹெர்துபிரெய்த் மலை சாயங்கால வெளிச்சத்தில் உச்சி வரை இளஞ்சிவப்பாக நின்றது. எரிமலை வெடிக்கிறது என்றால்கூட அவள் வண்டியைத் திருப்பியிருக்க மாட்டாள்.

ஏழு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாடகம் நடந்துகொண்டிருந்தது. பாவாடையோடு குன்ஸ்டைன் மேடையை விட்டிறங்கி வாசல் பக்கமாகப் பின்னாலேயே வந்து, வந்து, கடைசியில் ஸ்டைன்வோர் மேலேயே மோதினான். நூறு பேர் சிரித்தார்கள். அவள் என்று தெரிந்ததும் நூறு பேரும் வாயை மூடினார்கள்.

நான் மேடை ஏறினேன். "போன வருஷம் திரும்பச் சொன்னது நான். குழந்தை மாதிரி அழுதேன். இன்னிக்கு இவ ரெண்டு பவுண்டுல தாண்டி வந்திருக்கா."

"ரெண்டா?" என்றான் குன்ஸ்டைன்.

"ரெண்டு," என்றாள் ஸ்டைன்வோர்.

அவன் பாவாடையை அவிழ்த்து என்னிடம் நீட்டினான். நியாயம்தான். கட்டிக்கொண்டு உட்கார்ந்து வால்ட்ஸ் வாசிக்க ஆரம்பித்தேன். என் காலடியில் சிவப்புப் பெட்டியிலிருந்து பனி உருகி ஓடியது. ஸ்டைன்வோர் அந்த ஸ்டியரிங்கை வாங்கி இரண்டு கையாலும் பிடித்தபடி தனியாக ஆடினாள். பின்னால் அடி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் முன்னாலேயே வைத்தாள். எதிரே ஆடி வந்தவர்கள் விலகி விலகி வழிவிட்டார்கள்.