ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி

உக்குவளைச் சபைக்குப் புதுப் பாஸ்டர் வந்ததும் பாட்டுப் புத்தகங்கள் அலமாரிக்குள் போய்விட்டன. பாட்டெல்லாம் இப்போது சுவரில் வெளிச்சமாக விழுந்தது. ஆர்மோனியம் இருந்த மூலையில் டிரம்ஸ் ஏறி உட்கார்ந்தது. ஞாயிறு ஆராதனை முழுவதும் பேஸ்புக்கில் நேரலையாகப் போனது. அதைப் படம்பிடிக்கும் போனைப் பார்த்துக்கொள்வது அனுஷியாவின் பொறுப்பு. அன்றிலிருந்து அவளுக்குக் கண்ணை மூடி ஜெபிக்க நேரமேது? மற்றவர்கள் கண்ணை மூடியிருக்கும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே ஊழியமாகிப் போயிற்று.

அப்படிப் பார்த்ததில்தான் வாகினி அகப்பட்டாள். மாத்தளையில் அரசாங்க வேலை, யாழ்ப்பாணப் பேச்சு. சில மாதமாகத் தனியாக வருகிறாள். வந்தால் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலிதான். காது கிழியும் என்று பிள்ளைகள்கூட அண்டாத இடம் அது. உள்ளே வருமுன் வாசலில் நின்று கைக்குட்டையால் நெற்றியை அழுத்தித் துடைப்பாள். கைப்பைக்குள் ஒரு காகிதப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவாள்.

"பாஸ்டர், அந்தப் புள்ள சரியில்லீங்க. யாரோ வேவு பாக்க அனுப்பியிருக்காங்க" என்றாள் அனுஷியா.

"வர்றவங்கள கர்த்தர் பாத்துக்குவாரு சிஸ்டர்."

கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரிதான். ஆனால் போன வருடம் வேறோர் ஊரில் ஒரு ஜெபவீட்டுக்கு இப்படித்தான் ஒருவன் அமைதியாக வந்து உட்கார்ந்தானாம். அடுத்த வாரம் கும்பலோடு வந்து நாற்காலிகளை நொறுக்கினானாம். கேட்ட நாளிலிருந்து புது முகம் எது வந்தாலும் அனுஷியா அதன் கையையும் பையையும்தான் முதலில் பார்த்தாள்.

வீட்டில் பழைய வீடியோக்களை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூட வாகினியின் முகம் இல்லை. அப்போதுதான் புரிந்தது: மண்டபத்தில் கேமராவுக்கு எட்டாத ஒரே இடம் அந்த நாற்காலி. நல்லவளுக்கு முகத்தை ஒளிக்க என்ன அவசியம்? ஒரு தடவையாவது பதிவாகட்டும், நாளைக்கு ஏதும் நடந்தால் பொலிசில் காட்டலாம் என்று முடிவு கட்டினாள்.

அடுத்த ஞாயிறு டிரம்ஸ் அடங்கி எல்லோரும் கண்மூடிக் கையுயர்த்திய நேரம், அனுஷியா போன் ஸ்டாண்டை மெல்லத் திருப்பினாள். திரையில் வாகினி வந்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பியிருந்தாள், கோயிலில் கும்பிடுகிற மாதிரி. முகமெல்லாம் கண்ணீர். "அப்பா, அப்பா" என்று கர்த்தரைக் கூப்பிட்டு உதடு துடித்தது.

வேவு பார்க்க வந்தவள் இப்படியா அழுவாள்? அனுஷியாவுக்கு வெட்கமாகிவிட்டது. போனைப் பழையபடி திருப்பக் கை நீட்டினாள். அதற்குள், வரிசையாக வந்த ஆமென்களுக்கு நடுவே ஒரு கமெண்ட் விழுந்தது.

'இது எங்கட வாகினி அண்ணியெல்லோ? அம்மாவும் பாத்துக்கொண்டிருக்கிறா.'

ஆராதனை முடிந்தபோது வாகினி வாசலில் நின்றாள். கையில் போன் விடாமல் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"அக்கா, கேமரா என்ர பக்கம் திரும்பினதோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள் அனுஷியா. முடியவில்லை.

"நான்தாங்க திருப்புனேன். ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன்."

வாகினி கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கோயிலுக்குப் போறன் எண்டு வீட்டில மாமியிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வாறனான். என்ர மனுசனுக்கும் தெரியாது. தெரிஞ்சால் வீட்டை வராதை எண்டு சொல்லுவினம்."

கைப்பையைத் திறந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே விபூதி. ஞாயிறுதோறும் திரும்பிப் போகுமுன் அவள் நெற்றியில் பூசிக்கொள்வது அதுதான். வழக்கம்போல விரல் அதில் இறங்கியது, பாதியில் நின்றது. மறுபடி மடித்து அனுஷியாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனி இது என்னத்துக்கு அக்கா?"

மாத்தளை பஸ் வந்தது. வெறும் நெற்றியோடு ஏறிப் போனாள்.