பழைய பிரதியின் மேல் எழுதலாமா?

ஆர்த்தோ ஒரு கையில் பூந்தொட்டியை வைத்துக்கொண்டு மறுகையால் பூட்ஸைக் கழற்றப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். சிர்க்கா தொட்டியை வாங்கிக்கொண்டாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கணவன் ரெய்யோ வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதி வழிதான் வாரியிருந்தான். மீதிப் பாதியில் ஆர்த்தோ முழங்கால் புதைய நடந்து வந்திருந்தான்.

"என்ன சொல்றதுன்னே தெரியல, சிர்க்கா."

"ஒண்ணும் சொல்லாத. காப்பி இருக்கு."

எங்கள் பின்லாந்தில் பேசத் தெரியாதவர்களுக்காகத்தான் துக்க வீட்டில் காப்பி போடுகிறார்கள். ஆர்த்தோ குடித்தான். அவன் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. துக்கம் கேட்க மட்டும் வரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேக்கக் கூடாதுதான்," என்று ஆரம்பித்தான். "காலையிலேருந்து காலேஜ்ல யாரும் உள்ள போக முடியல. கம்ப்யூட்டரும் திறக்கல, அட்டையைக் காட்டினா கதவும் திறக்கல. டைரக்டரி சர்வர் எழுந்திருக்கவே மாட்டேங்குது."

யார் யார், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று எல்லாப் பெயர்களையும் வைத்திருக்கும் இயந்திரம் அது. கல்லூரியில் ரெய்யோவும் ஆர்த்தோவும்தான் அதைப் பார்த்துக்கொண்டார்கள். சிர்க்காவுக்கு விளக்கத் தேவையில்லை. மருத்துவமனையில் அவளுக்கும் இதே பிழைப்புதான்.

"என்ன சொல்லுது?"

"டேட்டாபேஸ் பூட்டியிருக்காம். ரெய்யோ பேர்ல பூட்டு. அவன்தான் இல்லையே, சும்மா கிடக்கிற பூட்டுன்னு அந்த ஃபைலை அழிக்கப் போனேன், முடியல. அட்மின் பாஸ்வேர்டு அவன்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு."

"நல்லவேளை. பூட்டைப் பிடிச்சிருக்கிற புரோகிராம் ஓடிக்கிட்டிருக்கும்போது அழிச்சா மொத்தமும் நாசமாயிரும். முதல்ல அது உயிரோட இருக்கான்னு பாக்கணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் எழுந்தாள்.

ரெய்யோவின் வேலையறைக் கதவு நேற்றிலிருந்து சாத்தியே கிடந்தது. வேலை நேரத்தில் தட்டாமல் திறந்தால் எரிந்து விழுவான். இத்தனை வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குச் சமையலறை, அவனுக்கு அந்த அறை. இடையில் கல்லூரிப் பிரதியை எடுத்து வைக்கும் அவனுடைய பழைய டிஸ்க்கின் கடகடப்பு. அதைத் தூக்கி எறியச் சொல்லி அவள் சண்டை போடாத மாதம் இல்லை. இப்போது விறுக்கென்று திறந்து உள்ளே போனாள்.

மேசையில் பாதி குடித்த காப்பி ஆடை கட்டியிருந்தது. மவுஸை அசைத்ததும் திரை விழித்துக்கொண்டது. அலுவலகத்தில் திரையைப் பூட்டாதவர்களை வாங்கு வாங்கு என்று வாங்குகிறவன், வீட்டில் ஒருநாளும் பூட்டியதில்லை. கல்லூரி சர்வரோடு இணைப்பு அப்படியே இருந்தது. கடைசி வரியில் ஒரு கேள்வி: பழைய பிரதியின் மேல் எழுதலாமா?

"பேக்கப் போட்டுட்டு வெளிய போயிருக்கான்," என்றாள். "அது ஓடிக்கிட்டிருக்கும்னு நினைச்சிருப்பான். இது கேள்வி கேட்டுட்டு, பூட்டையும் விடாம நிக்குது."

நேற்று அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் இரவெல்லாம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். அத்தனை நேரமும் சுவருக்கு அந்தப் பக்கம் இது அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பதிலையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"'இல்லை'ன்னு அடிச்சிரு, சிர்க்கா. உடனே பூட்டு விட்டுரும்."

அவள் விரல் விசைக்கு மேலேயே நின்றது. அவன் தொடங்கியதில் இந்த வீட்டில் இன்னும் நடந்துகொண்டிருப்பது இது ஒன்றுதான்.

"பிரதி எடுக்கத்தானே உக்காந்தான். எடுத்து முடிக்கட்டும்."

"முக்கால் மணி நேரம் ஆகுமே. பிரின்சிபால் என்னைத் தின்னுருவா."

"தின்னட்டும்."

'ஆம்' என்று அழுத்தினாள். மேசைக்கடியில் டிஸ்க் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஆர்த்தோவை வெளியே அனுப்பி, தானும் வந்து, கதவைச் சாத்தினாள்.

சமையலறையில் ஆர்த்தோவின் கோப்பையை நிரப்பினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை அணைத்துப் போட்டான். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிறகு அது நின்றது.

ஆர்த்தோ போனை உயிர்ப்பித்துக் கல்லூரியைக் கூப்பிட்டான். "திறந்திருச்சாம்," என்றான் மெதுவாக. பூட்ஸை மாட்டிக்கொண்டு, கதவருகே சற்று நின்று, தலையசைத்துவிட்டுப் போனான்.

சிர்க்கா கோப்பைகளைக் கழுவினாள். உள்ளே இன்னொரு கோப்பை கிடப்பது நினைவுக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வேலையறைப் பக்கம் போனாள். கைப்பிடியைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டு, இரண்டு முறை தட்டினாள்.