படம் போய்ச் சேர்ந்த வீடுகள்

நாத்தனார் ஸ்கேன் படத்தை அனுப்பிவைத்த நூற்று எண்பத்து மூன்று வீடுகளிலும் புதன்கிழமை காலை ஏழே காலுக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்திரண்டு. அது கைபேசியிலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வந்தது. சில வீடுகளில் தண்ணீர்க் குழாயிலிருந்தும், ஒரு வக்கீல் வீட்டில் இரும்பு பீரோவிலிருந்தும் வந்தது. படத்தை அழித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஒருவர் கைபேசியை வாளித் தண்ணீரில் போட்டார். கைபேசி கெட்டது, துடிப்பு நிற்கவில்லை. படம் போய்ச் சேர்ந்த வீடுகளில்தான் கேட்டது, நாத்தனார் வீடும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. படம் புறப்பட்ட வீட்டில், அதாவது குழந்தையைச் சுமந்தவள் வீட்டில், ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவளுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். நானூறு மெஷின் ஓடுகிற கூடத்தின் வாசலில் நின்றே ஏழாவது வரிசையில் மூன்றாவது மெஷினுக்கு எண்ணெய் போதவில்லை என்று சொல்லிவிடுவாள். அதனால் அங்கே அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் நிற்கவில்லை. முதல் தடவை சேதி தெரிந்த அன்று குடும்பக் குழுவில் பூவும் இதயமுமாகக் கொட்டியது. கலைந்த அன்று ஒருவருக்கும் விரல் வரவில்லை. மறுநாள் யாரோ சூரிய உதயப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள், அதற்குப் பதினாறு பேர் பதில் வணக்கம் வைத்தார்கள். இரண்டாவது தடவை, இத்தனை சீக்கிரம் ஊரைக் கூட்டிச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று அவளையே குறை சொன்னார்கள். ஊரைக் கூட்டியது அவளில்லை.

ஆகவே இந்த முறை, ஸ்கேன் அறையில் முதன்முதலாக அந்தத் துடிப்பைக் கேட்டு, பழுதில்லாத ஓட்டம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்ததும், கணவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: ஏழு மாதம் தாண்டும்வரை காதும் காதும் வைத்தாற்போல் இருக்கவேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் தலையாட்டினான். தலையாட்டியவன் மறுநாளே படத்தைக் கைபேசியில் எடுத்து, உனக்கு மட்டும் என்று தங்கைக்கு அனுப்பினான். அழகு நிலையம் வைத்திருக்கும் தங்கை அதைக் குடும்பக் குழுவுக்கு, பள்ளித் தோழிகளுக்கு, நடைப்பயிற்சிக் கூட்டத்துக்கு, வாடிக்கையாளர்களுக்கு என்று வாயில் ஈரம் காயுமுன் அனுப்பித் தீர்த்தாள். காதுக்காரிக்கு விஷயம் தெரிந்தது தொழிற்சாலையில், வெட்டும் பிரிவு மேற்பார்வையாளர் கைகுலுக்க வந்தபோது. அவள் கையில் அப்போது திருப்புளி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் வெளியே நடந்தாள் என்று அவர் இன்றைக்கும் நன்றியோடு சொல்வார்.

வீட்டில் அவள் கத்தவில்லை. கணவனின் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்து, அவனுடைய தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். சந்தோஷத்தைப் பகிர்ந்துகொண்டால் என்ன குறைந்துவிடும் என்று நாத்தனார் கேட்டாள். துக்கத்தையும் ஒரு தடவை பகிர்ந்து பார்த்திருக்கலாமே என்று இவள் திருப்பிக் கேட்டாள்.  இரண்டு வாரம் கழித்துக் கணவன் திரும்பி வந்தான். அவனைக் கூடத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

முதல் மாதம் அந்த வீடுகளில் எல்லாம் கொண்டாட்டம். எங்கள் வீட்டில் நன்றாகக் கேட்கிறது, உங்கள் வீட்டைவிடத் தெளிவு என்று போட்டி போட்டார்கள். இரண்டாம் மாதம் சலிப்பு வந்தது. மூன்றாம் மாதம் புகார். கணக்கு வாத்தியாருக்குக் கூட்டல் தப்பியது, வக்கீல் கட்சிக்காரர்களைக் காப்பிக்கடையில் சந்தித்தார், முடிதிருத்துகிறவரின் கத்தரி அந்தத் தாளத்துக்கு ஓடி ஒரு மீசையைப் பாதி எடுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் திரண்டு அவள் வீட்டுக்கு வந்தார்கள். கணவனின் பெரியப்பா, பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர், எல்லாருக்குமாகப் பேசினார்.

"தப்பா நினைக்காதேம்மா. எங்களால முடியல. இதை நிறுத்த ஏதாவது வழி பாரு."

"எதை நிறுத்தணும் மாமா? முழுசா சொல்லுங்க, கேட்கிறேன்."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். நாத்தனார் மட்டும், சும்மா சத்தத்தைச் சொல்றாங்க அண்ணி, என்று முணுமுணுத்தாள். காதுக்காரி கதவை அகலத் திறந்து வைத்து, அவர்கள் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நிறுத்தச் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் அவள் கோபப்படவில்லை. தன் குழந்தையின் துடிப்பை ஊரே கேட்டுச் சலித்துக்கொள்கிறது, தான் ஒருத்தி கேட்க முடியவில்லை. திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். அனுமதி கேட்கவில்லை. உள்ளே போய் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சுவரில் காதை வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களும் துண்டோடு நின்றவர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்படி ஐம்பத்தோரு வீடு.

பிறகு தொழிற்சாலைக்கு இரண்டு நாள் விடுமுறை, அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஐம்பத்திரண்டாவது பெரியப்பா வீடு. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். சுவரில் காதை வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். துடிப்பு தளர்ந்திருந்தது, நடுநடுவே ஒன்று விட்டுப்போனது, ஊசி ஏறி இறங்கியும் தையல் விழாமல் போகுமே அதைப்போல. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். பெரியப்பாவின் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி, முகமலர்ச்சியோடுதான் சொன்னார்.

"முந்தாநாளிலிருந்தும்மா. ரெண்டு நாளா வீடு கொஞ்சம் நிம்மதியா இருக்கு."

நூற்று எண்பத்து மூன்று வீட்டிலும் அந்த இரண்டு நாளும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். ஒருவர்கூட அவளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.  அந்த அம்மாளைத் திட்ட நேரமில்லாததால் அவள் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனாள். குழந்தையின் கழுத்தைத் தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றே கால் கிலோ. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். பிறந்த பிறகும் அந்த வீடுகளில் துடிப்பு ஓயவில்லை. முன்பைவிட உரக்கவே கேட்டது.

நான்காம் நாள் பெரியப்பா பழங்களோடு வந்து, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார். காதுக்காரி அவரைக் கைபேசியை எடுக்கச் சொல்லி, தன்னை அந்தக் குடும்பக் குழுவில் சேர்க்கவைத்தாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவள் அதில் சேர்ந்தது அன்றைக்குத்தான். தையல் போட்ட வயிற்றோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் தட்டினாள். வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். வீடுகள் நூற்று எண்பத்து மூன்று. வீட்டுக்கு ஒரு மணி நேரம் காது கொடுக்கவேண்டும். மிச்சமுள்ள பதினைந்து வீடு, வெளியூர் போகிறவர்களுக்கு மாற்று. துடிப்பு தளர்ந்தாலோ தாறுமாறாக ஓடினாலோ அடுத்த நிமிடம் அவளுக்குப் போன் வரவேண்டும். நாத்தனாருக்குச் சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு, அழகு நிலையத்தில் கூட்டம் நெரிகிற நேரம். குழுவில் இல்லாத வீடுகளுக்கும், படத்தை அனுப்பியதுபோல், அவளே இதை அனுப்பவேண்டும். பட்டியலின் கீழே ஒரே வரி எழுதினாள்: "சந்தோஷத்தைப் பகிர்ந்துக்கிட்டீங்க. இதையும் பகிர்ந்துக்குங்க."

யாரும் பூ அனுப்பவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. முதல் வருடம் பயத்தில் கேட்டார்கள், அப்புறம் பழக்கத்தில். இரண்டு வயதில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியதை அவளுக்கு முதலில் சொன்னது முடிதிருத்துகிறவர். நாத்தனார் சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. காதுக்காரி அவளிடம் இன்னும் சிரித்துப் பேசுவதில்லை. மன்னிப்பு வேறு, முறை வேறு என்பாள்.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பதினொன்றே காலுக்குத் துடிப்பு விறுவிறுவென்று ஏறினால், அந்த மணிக்கு உரியவர் கடிகாரத்தைப் பார்த்து, விளையாட்டு நேரம் என்று தெரிந்துகொண்டு, விட்ட வேலையைத் தொடர்கிறார். அந்த வீடுகளுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று முதலில் விசாரிக்கிறார்கள். அப்புறம், நமக்கு எந்த மணி என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் இரண்டையும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறார்.